இரவு டியூட்டியில் 28 நோயாளிகள், ஒரே ஒரு நர்ஸ்: தவறு நடந்தால் யார் பொறுப்பு?

வாசகர் கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முடித்து, தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்திருக்கிறேன். டெல்டா பகுதியில் ஒரு தனியார் மருத்துவமனையில் 2 வருடமாக வேலை. சீனியர் சிஸ்டர்கள் ஒவ்வொருவராக வளைகுடாவுக்கும் அயர்லாந்துக்கும் போய்விட்டார்கள். இப்போது நைட்டில் வார்டில் 24 பேர், ஐசியூவில் 4 பேர். பதிவு பெற்ற நர்ஸ் நான் ஒருத்திதான். கூட இருக்கும் இரண்டு பெண்களும் ஏதோ இன்ஸ்டிட்யூட்டில் ஒரு வருட கோர்ஸ் படித்தவர்கள். ஊசி போடுவது அவர்கள், சார்ட்டில் கையெழுத்து நான். டியூட்டி டாக்டர் ஹோமியோபதி படித்தவர். பெரிய டாக்டர் போனில் சொல்வதை அவர்தான் எழுதுகிறார். ஏதாவது ஆகிவிட்டால் நான் ஜெயிலுக்குப் போவேனா? ஒரிஜினல் சர்டிஃபிகேட் எல்லாம் நிர்வாகத்திடம் இருக்கிறது. பாதியில் விட்டால் 1 லட்சம் ரூபாய் கட்டுவதாகப் பாண்டும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வேலையை விடவும் முடியவில்லை, நிம்மதியாகப் பார்க்கவும் முடியவில்லை.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கியது நோயாளிகளின் எண்ணிக்கை அல்ல. ‘ஊசி போடுவது அவர்கள், கையெழுத்து நான்’ என்ற வரிதான். மற்ற எல்லாவற்றையும் ஒரு மாதமோ இரண்டு மாதமோ பேசித் தீர்க்கலாம். இதை மட்டும் இன்றைய நைட் டியூட்டியிலேயே நிறுத்திவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஜெயில் பற்றிய கேள்வி. கவனக்குறைவால் ஒருவர் இறந்தால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 304ஏ பிரிவு. டாக்டர், நர்ஸ், லாரி டிரைவர் என யாராக இருந்தாலும் அதிகபட்சம் 2 ஆண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 106-வது பிரிவு. அதில் பொதுவான தண்டனை 5 ஆண்டு வரை. பதிவு பெற்ற மருத்துவர் சிகிச்சை அளிக்கும்போது நேர்ந்தால் மட்டும் 2 ஆண்டு வரை. ‘பதிவு பெற்ற மருத்துவர்’ என்றால் யார் என்று அந்தப் பிரிவிலேயே விளக்கம் இருக்கிறது: தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி அங்கீகரித்த மருத்துவப் படிப்பு முடித்து, மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவர். அதில் நர்ஸ் வரமாட்டார். ஆக, ஒரே அறையில், ஒரே நோயாளி விஷயத்தில், டாக்டருக்கு இருக்கும் சலுகை உங்களுக்கு இல்லை. இது பல நர்ஸ்களுக்கும் மேட்ரன்களுக்கும் இன்னும் தெரியாது.

இதைப் படித்துப் பதறிவிட வேண்டாம். சிகிச்சையில் நடக்கும் எல்லாத் தவறும் குற்ற வழக்காகிவிடாது. 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம், மருத்துவத் தொழிலில் இருப்பவர் மீது குற்ற வழக்கு நடத்த வேண்டுமானால் அலட்சியம் மிக மோசமான அளவில் இருக்க வேண்டும் என்றது. விசாரணை அதிகாரி, முடிந்தவரை அரசுப் பணியில் உள்ள, சார்பில்லாத மருத்துவரிடம் கருத்து வாங்க வேண்டும். வழக்கு வந்த உடனே வழக்கம்போலக் கைது செய்யக் கூடாது என்றும் சொன்னது. ஆள் போதாத இரவில் ஒரு நோயாளியிடம் 20 நிமிடம் தாமதமாகப் போனது ஒன்று. நீங்கள் போடாத ஊசிக்கு, போட்டதாகக் கையெழுத்துப் போட்டது வேறொன்று. முன்னதற்கு விளக்கம் இருக்கிறது. பின்னதற்கு என்ன விளக்கம் சொல்வீர்கள்?

டெல்லியில் நடந்து, 1998-ல் உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு உங்கள் நிலைமைக்கு அப்படியே பொருந்தும். காய்ச்சலோடு சேர்க்கப்பட்ட ஒரு குழந்தைக்கு, மருத்துவமனையில் ‘நர்ஸ்’ என்று இருந்தவர் நரம்பில் ஊசி போட்டார். குழந்தை அங்கேயே சரிந்தது. உயிர் பிழைத்தது, ஆனால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. விசாரித்தால், ஊசி போட்டவர் எந்த மாநில நர்சிங் கவுன்சிலிலும் பதிவே இல்லாதவர். டாக்டரே நேரில் போட வேண்டும் என்று மூத்த மருத்துவர் சொல்லியிருந்த ஊசியை அவரிடம் விட்ட டியூட்டி டாக்டரும் கடமை தவறினார் என்று தீர்ப்பானது. குழந்தைக்கு 12.5 லட்சம், பெற்றோருக்கு 5 லட்சம் இழப்பீடு. மருத்துவமனை தப்பவில்லை, அது சரி. ஆனால் தகுதியில்லாதவர் கையில் வேலையை ஒப்படைத்தவரும் தப்பவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். உங்கள் வார்டில் இரவில் அப்படி ஒப்படைப்பவர் நீங்கள்.

அந்த இரண்டு பெண்களைக் குறை சொல்லவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு வந்தவர்கள், ‘நர்சிங்’ என்று போர்டு மாட்டிய இடத்தில் பணம் கட்டி ஏமாந்தவர்கள். ஏ.என்.எம். (துணை நர்ஸ் படிப்பு) 2 ஆண்டு, ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமா) 3 ஆண்டு, பி.எஸ்சி. 4 ஆண்டு. பதிவுக்குத் தகுதியான படிப்பு என்றால் இவைதான், இவற்றுக்கு மேலே உள்ளவைதான். ஒரு வருட ‘நர்சிங் அசிஸ்டென்ட்’ சான்றிதழை வைத்து யாரும் நர்ஸாகப் பதிவு செய்ய முடியாது. பெட் போடுவது, உடம்பு துடைப்பது, சாப்பாடு ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, சிறுநீர்ப் பையில் உள்ள அளவைப் பார்த்துச் சொல்வது, நீங்கள் சொல்லிக்கொடுத்த பிறகு டெம்பரேச்சர் பார்ப்பது என அவர்கள் செய்யக்கூடிய வேலையே நிறைய இருக்கிறது. ஊசி, ஐ.வி., இன்சுலின், ரத்தம் ஏற்றுவது, ஆக்சிஜன் அளவை மாற்றுவது, மூக்குக் குழாய் வழியாக மருந்து கொடுப்பது ஆகிய எதிலும் அவர்கள் கை வைக்கக் கூடாது.

இன்சுலினையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100 யூனிட் உள்ளதற்கு ஆரஞ்சு மூடி. நோயாளி வீட்டிலிருந்து 100 யூனிட் குப்பியைக் கொண்டு வந்திருக்கிறார். டிரேயில் இருப்பது சிவப்பு மூடி. ‘20 யூனிட்’ என்று சார்ட்டில் பார்த்து, அந்தப் பெண் 20 கோடு வரை இழுக்கிறாள். சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு என்பது அரை மில்லி. 100 யூனிட் குப்பியிலிருந்து அரை மில்லி என்றால் 50 யூனிட். பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். இரவு 3 மணிக்கு நோயாளி வியர்த்துக் குளிர்ந்து கிடப்பார். ‘தூங்குகிறார்’ என்று நினைத்து யாரும் எழுப்ப மாட்டார்கள். காலையில் சார்ட்டை எடுத்தால், அந்த 20 யூனிட்டுக்கு எதிரே இருப்பது உங்கள் கையெழுத்து.

பொட்டாசியம் குளோரைடு இதைவிடக் கொடியது. 10 மில்லி ஆம்ப்யூல் ஒன்றில் 20 மில்லிஈக்விவலன்ட். அதை நேராக நரம்பில் போட்டால் இதயம் நின்றுவிடும். சலைனில் கலந்து, மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்ற வேண்டும். அந்த ஆம்ப்யூல்களை வார்டு டிரேயில் மற்ற ஆம்ப்யூல்களோடு வைக்கவே கூடாது. தனி டப்பாவில் போட்டு, சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, பூட்டிச் சாவியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு நிர்வாகத்தின் அனுமதியும் தேவையில்லை, பணமும் தேவையில்லை.

சரி, 28 பேருக்கும் ஊசியை நான் ஒருத்தியே எப்படிப் போடுவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எல்லா ஊசியும் இரவு 10 மணிக்கே போட வேண்டியதில்லை. பல ஆன்டிபயாடிக் ஊசிகளை டாக்டரிடம் கேட்டு 8 மணி, 9 மணி, 10 மணி என்று பிரித்துக்கொள்ளலாம். 8 மணி ஊசியை ஈவினிங் ஷிஃப்ட் முடித்துவிட்டுப் போகட்டும். வாய்வழி மாத்திரைக்கு மாறக்கூடிய நிலையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று மாலை ரவுண்ட்ஸிலேயே கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் மூன்று நான்கு ஊசி குறையும். அதற்குப் பிறகும் முடியாதது மிஞ்சும். மிஞ்சியதை, மிஞ்சியது என்றே எழுதுங்கள்.

எப்படி எழுதுவது என்பதுதான் இந்தப் பதிலின் முக்கியமான பகுதி.

டியூட்டி ஏற்கும் முன், ரிப்போர்ட் புத்தகத்தில் தேதி, 24 மணிக் கணக்கில் நேரம், பிறகு இப்படி: ‘வார்டு 24, ஐசியூ 4, இதில் வென்டிலேட்டர் 1, ஆபரேஷன் முடிந்து முதல் நாள் 3. பதிவு பெற்ற நர்ஸ் 1, உதவியாளர் 2. கூடுதல் நர்ஸ் தேவை என்று சூப்பரின்டென்டென்ட்டிடம் 20.10-க்குப் போனில் தெரிவித்தேன். ஆள் இல்லை என்றார்.’ கீழே பெயரும் பதிவு எண்ணும். குற்றச்சாட்டோ கோபமோ வேண்டாம், எண்ணும் நேரமும் போதும். இதையே வாட்ஸ்அப்பில் சூப்பரின்டென்டென்ட்டுக்கு அனுப்புங்கள். நோயாளி பெயர் வேண்டாம், எண்ணிக்கை மட்டும். கேஸ் ஷீட்டைப் படம் எடுத்து வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். அது நோயாளியின் ரகசியத்தை மீறுவதாகிவிடும், உங்களுக்கே எதிராகத் திரும்பும்.

எத்தனை நர்ஸ் தேவை என்று நிர்வாகம் கேட்டால் சொல்ல உங்களிடம் கணக்கு இருக்க வேண்டும். பணியாளர் எண்ணிக்கையை ஆராயும் மத்திய அரசின் ஸ்டாஃப் இன்ஸ்பெக்‌ஷன் யூனிட் வகுத்தது: பொது வார்டில் 6 நோயாளிக்கு 1 நர்ஸ், ஐசியூவில் 1-க்கு 1. உங்கள் கணக்குப்படி வார்டுக்கு 4, ஐசியூவுக்கு 4, ஆக 8 பேர். இருப்பது 1. தனியார் மருத்துவமனை இந்த அளவைக் கடைப்பிடிக்காததற்காக மட்டும் யாரும் சிறைக்குப் போக மாட்டார்கள். ஆனால் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு வரும்போது ‘போதுமான கவனிப்பு’ எது என்று அளக்க இப்படிப்பட்ட எண்களைத்தான் எடுப்பார்கள். 1995 முதல் மருத்துவமனைச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வந்துவிட்டது. ஆள் போடாதது நிர்வாகத்தின் குறை. அந்தக் குறை எழுத்தில் இருந்தால் அவர்களுடையது. எழுத்தில் இல்லாவிட்டால், அன்றிரவு அங்கே இருந்த உங்களுடையதாக அது மாறிவிடும்.

அதே காரணத்துக்காகத்தான், பார்க்காத பி.பி.யை எழுதாதீர்கள். 2 மணி, 4 மணி, 6 மணி மூன்றுக்கும் 120/80, ஒரே பேனா, ஒரே சாய்வில் எழுத்து. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சார்ட்டைக் கையில் வாங்கியதும் முதலில் தேடுவதே இதைத்தான். அந்த ஒரு பக்கம் போதும், நீங்கள் உண்மையாக எழுதிய மற்ற 20 பக்கமும் பொய்யாகிவிடும். ‘4 மணி பி.பி. பார்க்கவில்லை. 3.40 முதல் 4.30 வரை ஐசியூ 2-ம் படுக்கையில் இருந்தேன்’ என்று எழுதினால் அது உங்களைக் காப்பாற்றும். எழுதியது தப்பானால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் நேரமும் போடுங்கள். வெள்ளை மை தடவுவது, தாளைக் கிழித்து மாற்றுவது, மறுநாள் உட்கார்ந்து நிரப்புவது எதுவும் வேண்டாம். நோயாளி தரப்பு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களின் நகலைக் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ம் ஆண்டு நன்னடத்தை விதி. நகல் வெளியே போன பிறகு ஒரு எழுத்து மாறினாலும் தெரிந்துவிடும்.

அடுத்து, டியூட்டி டாக்டர். ஹோமியோபதி படித்தவர் தம் முறையில் முழு மருத்துவர். அவருக்குரிய மரியாதை குறையக் கூடாது. ஆனால் ஆங்கில மருந்தை எழுத அவருக்கு உரிமை இல்லை. அதே 2002 விதிகள், வேறு முறையில் பட்டம் பெற்றவர் எந்த வடிவத்திலும் நவீன மருத்துவம் செய்யக் கூடாது என்கின்றன. ஹோமியோபதி மருத்துவர் ஆங்கில மருந்து கொடுத்ததே அலட்சியம்தான், வேறு நிரூபணம் தேவையில்லை என்று 1996-ல் பூனம் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பதிவில்லாமல் நவீன மருத்துவம் பார்த்தால் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 34-வது பிரிவில் ஓராண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

எனவே, போனில் வரும் உத்தரவை அவர் வாங்கி எழுதி, அதை நீங்கள் செயல்படுத்துவது என்ற வழியை மாற்றுங்கள். பெரிய டாக்டரிடம் நீங்களே பேசுங்கள். மருந்தின் முழுப் பெயர், அளவு, எந்த வழியாக, எத்தனை மணிக்கு ஒரு முறை என்று அவர் சொன்னதை அப்படியே திரும்பப் படித்துக் காட்டுங்கள். எண்ணைப் பிரித்துச் சொல்லுங்கள். ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டும் போனில் ஒன்றாகவே கேட்கும், அதனால் ‘ஒன்று, ஐந்து’ என்று சொல்லிக் கேளுங்கள். பிறகு சார்ட்டில் ‘தொலைபேசி உத்தரவு’ என்று எழுதி, டாக்டர் பெயர், நேரம், ‘திரும்பப் படித்துக் காட்டப்பட்டது’ என்ற குறிப்பு, உங்கள் கையெழுத்து. காலை ரவுண்ட்ஸில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் போடாமல் போனால் அதையும் எழுதுங்கள். இன்னும் நல்லது, எழுதிக் கையெழுத்திட்ட தாளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வது. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்களே பதிவு எண்ணோடு கூடிய மருந்துச் சீட்டைப் படமாக அனுப்பலாம் என்கின்றன. ‘அதெல்லாம் வழக்கமில்லை’ என்று அவர் மறுக்க இடமில்லை. மார்ஃபின் போன்ற போதை மருந்துகளும், கெட்டமின் போன்ற, கடும் கட்டுப்பாடுள்ள ‘எக்ஸ்’ அட்டவணை மருந்துகளும் அந்த வழியில் கூடாது. அவற்றுக்கு டாக்டர் நேரில் வந்தே ஆக வேண்டும்.

அவசர நிலைக்கு முன்கூட்டியே எழுத்தில் நிலையான உத்தரவு வாங்கி வையுங்கள். ஊசி ஒவ்வாமையில் பெரியவர்களுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு (1:1000) செறிவுள்ள அட்ரினலின் அரை மில்லி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். சர்க்கரை தாழ்ந்து மயங்கினால் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி நரம்பில். இதயம் நின்றால் எதை எந்த வரிசையில் செய்வது. எல்லாம் ஒரே தாளில், தலைமை மருத்துவர் கையெழுத்து, பதிவு எண், தேதியோடு ஐசியூ சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். நடு இரவில் நோயாளி சரியும்போது நீங்கள் சட்டத்தை யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது. மார்பை அழுத்தத் தொடங்குங்கள், ஒரு பெண்ணை டாக்டருக்கும் இன்னொரு பெண்ணை 108-க்கும் போன் செய்ய விடுங்கள். உயிரைக் காக்க நல்லெண்ணத்தோடு செய்யும் செயலுக்குச் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது. உறவினர்கள் கை நீட்டினால், மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதற்கு எதிரான தமிழ்நாட்டின் 2008-ம் ஆண்டுச் சட்டம் நர்ஸ்களுக்கும் பொருந்தும். ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம் அது. புகாரில் அந்தச் சட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

எது நடந்தாலும், சார்ஜ் எடுத்த பிறகு பாதியில் கிளம்பிவிடாதீர்கள். சார்ஜ் எடுக்கும் முன் ‘இத்தனை பேரை என்னால் பாதுகாப்பாகப் பார்க்க முடியாது’ என்று எழுத்தில் சொல்வது உரிமை. எடுத்த பிறகு போவது நோயாளியைக் கைவிட்டதாகும்.

பாண்ட், சர்டிஃபிகேட் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சர்டிஃபிகேட்டைப் பிடித்து வைக்க அவர்களுக்கு உரிமையே இல்லை. கல்விச் சான்றிதழ் விற்று வாங்கும் பொருள் அல்ல, கடனுக்கு ஈடாக அதைப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பாண்ட் வேறு. ‘பாண்ட் எல்லாம் செல்லாது’ என்று ஹாஸ்டலில் சொல்வதை நம்ப வேண்டாம். 2025-ல் ஒரு வங்கி ஊழியர் வழக்கில் 3 ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. ஆனால் ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவின்படி நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும். எழுதியிருக்கும் தொகை மேல்வரம்பு மட்டுமே. உங்களுக்குப் பயிற்சி கொடுக்க அவர்கள் என்ன செலவு செய்தார்கள்? 2 வருடம் வேலை பார்த்த பிறகு மீதி எவ்வளவு? அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத நிர்வாகங்கள் பெரும்பாலும் பேச்சுவார்த்தைக்கு வந்துவிடும்.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் ஒரிஜினல் கேட்டு ஒரு கடிதம், நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். சீல் போட மறுத்தால் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். 15 நாள் பார்த்துவிட்டு வழக்கறிஞர் நோட்டீஸ். ஒரிஜினல் கைக்கு வந்த பிறகே ராஜினாமா; அதுவும் ஒப்பந்தத்தில் உள்ள நோட்டீஸ் காலத்தோடு. அனுபவச் சான்றிதழ், பணி விடுவிப்புக் கடிதம் இரண்டும் இல்லாமல் வெளியே வராதீர்கள். நாளைக்கு வெளிநாடு போனால் சரிபார்ப்பில் முதலில் கேட்பது அவற்றைத்தான். சம்பளம் பேசும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: 2016 உச்ச நீதிமன்ற உத்தரவை அடுத்து அமைந்த மத்திய அரசுக் குழு, 50 படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனையிலும் நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. அது பரிந்துரைதான், ஆனாலும் அடுத்த நேர்காணலில் உங்கள் கோரிக்கைக்குப் பின்பலம்.

புகார் எங்கே? தகுதியற்ற ஆட்கள், இரவில் எம்.பி.பி.எஸ். டாக்டர் இல்லாதது இரண்டுக்கும் உங்கள் மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர். 1997-ம் ஆண்டு தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தில் மருத்துவமனைப் பதிவை ஆய்வு செய்வது அந்த அலுவலகம்தான். தம் பெயரை இரவல் கொடுக்கும் டாக்டர் பற்றி என்றால் தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில். சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. குறை என்றால் அந்தந்தத் துறை. நீங்கள் அங்கே வேலையில் இருக்கும்போதே புகார் கொடுப்பதா, விட்ட பிறகா என்பது உங்கள் குடும்ப நிலைமையைப் பொறுத்தது. இணை இயக்குநருக்குப் போகும் முன் நிர்வாகத்துக்கு ஒரு முறை எழுத்தில் சொல்லிவிடுங்கள். ஒரு நர்ஸை ஐசியூவுக்குத் தனியாகப் போட்டு, இரவுக்கு ஒரு எம்.பி.பி.எஸ். டாக்டரை வைத்தாலே உங்கள் பயத்தில் பாதி தீரும். சில நிர்வாகங்கள் கடிதத்தைப் பார்த்ததும் அதைச் செய்துவிடுகின்றன.

இன்னொன்று. உங்கள் கவுன்சில் பதிவு எப்போது காலாவதியாகிறது என்று இன்றே பாருங்கள். 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், அதற்கு 150 மணி நேரத் தொடர் கல்வி கணக்குக் காட்ட வேண்டும். ஆள் இல்லை என்று லீவு தராத மருத்துவமனைகளில் நர்ஸ்கள் கோட்டைவிடுவது இதைத்தான். பதிவு விட்டுப்போயிருந்தால், நான் மேலே சொன்ன அத்தனையிலும் அந்த உதவியாளர் பெண்கள் நிற்கும் இடத்தில் நீங்கள் போய் நிற்க வேண்டி வரும்.